ஐந்தாவது கேம்

மார்ச் 3
பீப் ஒலிக்கு ஒலி வேகம் கூட்டி ஓடுகிற பீப் டெஸ்ட்டில் பதினெட்டுப் பேரில் நான்தான் முதல். கோச் ஸ்டாப்வாட்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இவ்வளவு மூச்சை வச்சுக்கிட்டு அஞ்சாவது கேம்ல ஏம்மா படுத்துடறே?" ஸ்குவாஷில் ஐந்து கேமில் மூன்றை ஜெயிக்கணும். மூன்று போட்டி, மூன்றிலும் கடைசி கேமில் தோற்று முதல் சுற்றிலேயே காலி. மாதக் கடைசிப் போட்டியிலும் இப்படியென்றால் அணியில் என் இடம் போச்சு. ஓட்டத்தைக் கூட்டச் சொன்னார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

மார்ச் 9
கூட்டியாச்சு. பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும்.

மார்ச் 16
துணி துவைக்கும்போது அக்கா பிடித்துவிட்டாள். "மேட்ச் அன்னிக்கு மட்டும் ரெண்டு செட்டு வியர்வைத் துணி எப்படிடி?" மழுப்பினேன். விடவில்லை. கொட்டிவிட்டேன். மேட்ச் நாளில் விடிந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும், கை நடுங்கும். ஓடினால் அடங்கும். எட்டு கிலோமீட்டர், சில நாள் பத்து. கோர்ட்டுக்குள் போகும்போது பயம் இருக்காது. ஐந்தாவது கேமில் காலும் இருக்காது.

"மேட்சை ரோட்டுலயே ஆடி முடிச்சுட்டுத்தான் போறியா, லூசு?"

மார்ச் 17
கோச்சிடம் சொல்லணுமா? பயந்தாங்கொள்ளி என்பார். சொல்லிட்டுப் போகட்டும், எனக்கென்ன.

மார்ச் 18
சொன்னேன். கோச் அணிப் பட்டியலை எடுத்தார். "வேணும்னா இந்தத் தடவை உன் பேரை எடுத்துடவா?" என்றார். கோபம் சுர்ரென்று ஏறியது.

"எடுக்காதீங்க சார். நடுங்கிக்கிட்டே ஆடறேன்."

மார்ச் 28, காலை ஆறு
மேட்ச் பதினொரு மணிக்கு. ஓடுகிற ஷூவை நேற்றே அக்காவிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், நடுக்கம். கேட்டா அக்கா குடுத்துடுவா. கேக்க மாட்டேன். நடுங்கு. எவ்வளவு நேரம் நடுங்கறேன்னு நானும் பாக்கறேன்.

அதே நாள், மாலை
ஆட்டத்துக்கு முன் பந்தை அடித்துச் சூடேற்றுகிற நான்கு நிமிஷத்தில் இரண்டு முறை ராக்கெட்டில் படவே இல்லை. எதிராளி, கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்ற தன் கோச்சைப் பார்த்துச் சிரித்தாள். சிரிச்சுக்கோ. முதல் கேம் போச்சு. மூன்றாவதும் போச்சு. ஐந்தாவதில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். எனக்குக் கால் இருந்தது. 11–6.

மார்ச் 29
இரண்டாவது சுற்று, இன்றும் பதினொரு மணிக்கு. விடிந்ததும் கை நடுக்கம், அப்படியே. அக்கா ஷூவைக் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தாள். "இன்னிக்கும் பூட்டணுமா?"

வேண்டாம் என்று சொல்லித் திரும்பிப் படுத்தேன். ஒன்பது மணிக்கு அவள்தான் உலுக்கி எழுப்பினாள்.