கடை வாசலிலிருந்து பாலம் வரை

என் தேநீர்ப் பைத்தியத்துக்கு,

தோழிகளோடு, தேநீர்க் கெண்டிகளுக்குப் பேர்போன யிஷிங் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்ததும் உங்களுக்கு ஒரு செம்மண் தேநீர்க் கெண்டி வாங்கிவிட்டேன். வீட்டிலிருந்தது எப்படி உடைந்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

கடைக்காரி நானூறு யுவான் சொன்னாள். நான் பாதிக்குக் கேட்டேன். "அந்த விலைக்குக் களிமண்ணுகூட வராதுக்கா!" என்று சிரித்தாள். "அப்ப வேண்டாம்மா" என்று வழக்கம்போல் வெளியே நடந்தேன். பத்தடி போவதற்குள் கூப்பிடுவார்கள் அல்லவா? இவள் கூப்பிடவில்லை. கால்வாய்ப் பாலம் வரை போய், செருப்பில் கல் புகுந்ததுபோல் நின்று உதறினேன். ஒரு குரலும் வரவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு நானே திரும்பினேன்.

"வருவீங்கன்னு தெரியும்க்கா. வேண்டாம்னு போறவங்க இவ்வளவு மெதுவாவா நடப்பாங்க?"

சொன்ன விலையையே கொடுத்தேன்.

போன மாதம் உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு பெட்டியோடு பேருந்து நிறுத்தத்துக்கு நான் நடந்ததும் அப்படித்தான். நீங்கள் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்து, "ஏய், நூடுல்ஸ் ஊறிப்போகுது, வா!" என்று கத்தினீர்கள். தெருவே சிரித்தது. திட்டிக்கொண்டேதான் உங்கள் பின்னால் வந்தேன்.

கூப்பிட்டதற்கு நன்றி. நீங்கள் வருவதற்குள் மூன்று பேருந்துகளை ஏறாமல் விட்டிருந்தேன்.

இப்படிக்கு,
மெதுவாக நடக்கிறவள்