காகிதத்தில் பதினான்கு

ஜூன் 9, செவ்வாய்

கச்சான் காற்று. வாய்க்குள்ளெல்லாம் மண்.

விமானம் ஓட்டப் பழக ஓர் இலவச இடம், கடலடித்த ஊர்ப் பிள்ளைக்கு. விண்ணப்பத்தைத் தபாலில் போட வெள்ளிக்கிழமை வரை. கேட்டிருப்பவை:

– மருத்துவச் சான்று. கிடைத்தது. (கண் பலகையின் கடைசி வரியைப் பின்னாலிருந்தும் வாசித்துக் காட்டினேன். டொக்டர் சிரிக்கவில்லை.)
– ஆங்கிலம். சமாளிக்கலாம்.
– நாற்பது மணிநேரப் பறப்பு, அதில் பத்து தனியாக. அது பிறகு.
– தனியாகப் பறக்க வயது பதினாறு.

இங்கேதான் இடி. எனக்குப் பதினாறு. பிறப்புப் பத்திரத்தில் பதினான்கு. சுனாமிக்குப் பிறகு புதுப் பத்திரம் எடுத்தபோது அம்மா குறைத்துச் சொன்னது. சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்த காலம். சினிமா நடிகைகூட இவ்வளவு துணிந்து வயதைக் குறைத்திருக்க மாட்டாள். வகுப்பிலும் இரண்டு படி இறக்கம். வரிசையில் நான்தான் தென்னை.

கூட்டாளி றிஸ்வானா: "வானோட்டியா? நீ வாயோட்டி கா."

ஜூன் 10, புதன்

அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கத்தி நின்றது.

"பழைய பத்திரம் எங்கம்மா?"

"கடல் கொண்டுபோயிற்று."

"வயசத் திருத்துவம். சண்டைதான் முடிஞ்சிற்றே."

"ஆர் சொன்ன? ரேடியோவா? கடலும் முந்தின நாள் சும்மாதான் கிடந்த."

கத்தி மறுபடி மீனில் இறங்கியது.

ஜூன் 11, வியாழன்

தேர்ச்சி அறிக்கையில் அம்மாவின் கையெழுத்தை அம்மாவைவிட அழகாகப் போடுபவள் நான். பிறந்த வருடத்தின் ஐந்தை மூன்றாக்குவதா பெரிய வேலை? பிளேடு எடுத்தாயிற்று. பார்த்தால், வருடத்தை எழுத்திலும் எழுதி வைத்திருக்கிறான் பாவி.

அந்நேரம் வாசலில் மோட்டார் சைக்கிள். இரண்டு பேர். ஹெல்மெட்.

அம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்து என் முன்னால் நின்றாள். "இவளுக்குப் பதினாலுதான்!"

வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "களுதாவளைக்கு எந்தப் பக்கம் கிறுகிற எண்டு கேக்க வந்த, அக்கா."

போய்விட்டார்கள். அம்மா படியில் இருந்துவிட்டாள். என் கையில் பிளேடைக் கண்டாள். வாங்கிக்கொண்டாள். நானும் சிரிக்கவில்லை.

ஜூன் 12, வெள்ளி

காலை. அதே பிளேடால் அம்மா தன் தலையணையின் தையலை அறுத்தாள். பொலித்தீனுக்குள் பழைய பத்திரம். கடல் கொண்டுபோனதாம்! ஒரு சொட்டு நனைந்திருக்கவில்லை.

மத்தியானத்திலிருந்து ஊர்ப் பதிவு வைத்திருக்கும் விதானையாரின் கந்தோரில் வரிசை. கடைசியில் அவர் தன் பதிவைப் பார்த்தார், பத்திரத்தைப் பார்த்தார்.

"எது சரி? நீங்க வாயால சொல்லணும். மறுகா மாத்த ஒண்ணா."

அம்மா திரும்பித் தெருவைப் பார்த்தாள். ஓர் ஆடு மட்டும்.

"பதினாறு."

"கேக்கல்ல."

நான் கத்தியிருப்பேன். உதட்டைக் கடித்துக்கொண்டேன். அம்மாவின் நகம் என் மணிக்கட்டில்.

"பதினாறு, ஐயா. என்ட மகளுக்குப் பதினாறு."

தெருவரை கேட்டது. ஆடுகூடத் திரும்பிப் பார்த்தது. விண்ணப்பத்தில் முத்திரை விழுந்தது.

மூன்று நாற்பது. தபாற்கந்தோர் நான்குக்குப் பூட்டும். பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்தெல்லாம் குலுங்குகிறது. இடது கையை அம்மா இன்னும் விடவில்லை.