சந்தனம் பூசிய பதிவேடு

கிராணி ஐயா,

இன்று சரஸ்வதி பூசை. புத்தகங்களுக்குச் சந்தனம் வைத்தேன். அந்த வாசனை விரலில் ஏறியதும் சிங்கப்பூர் காத்தோங்கில் உங்கள் வீட்டு முன்னறை ஞாபகம் வந்துவிட்டது.

மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் நீங்கள் குமாஸ்தா, எங்கள் பேச்சில் கிராணி; நான் மாணவி. உண்மையைச் சொல்கிறேன், அப்போது உங்களைக் கண்டாலே எனக்கு வேப்பங்காய். விண்ணப்பத்தில் ஒரு துளி மை சிந்தியதற்காக என்னைச் சிராங்கூன் ரோட்டு வீட்டுக்கே திருப்பி அனுப்பியவர் ஆயிற்றே! "சட்டம் எண்டால் சட்டம்தான், பிள்ளை" என்பீர்கள்.

நான் மூன்றாம் ஆண்டு முடித்த கையோடு ஜப்பானியர் வந்தார்கள். கல்லூரியை மூடினார்கள். பழைய அரசாங்கத்தின் கல்லூரித் தாள்களையெல்லாம் ஒப்படைக்க வேண்டும், ஒளித்தால் தண்டனை என்று உத்தரவு வந்தது. எல்லாம் கொடுத்தாயிற்று என்று நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

அந்த ஆண்டுப் பூசைக்கு என்னை நீங்கள் அழைத்ததே அதிசயம். மரவள்ளிக்கிழங்குதான் பிரசாதம். கும்பிட்டு எழுந்தபோது, பஞ்சாங்கத்துக்கு அடியில் எங்கள் மதிப்பெண் பதிவேட்டைக் கண்டேன். கல்லூரி முத்திரையின் மேல் சந்தனம் தடிப்பாக அப்பியிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சிப்பாயும் தமிழ் மொழிபெயர்ப்பாளரும் சோதனைக்கு வந்தார்கள். மொழிபெயர்ப்பாளர் புத்தக அடுக்கின் பக்கம் கை நீட்டினார்.

"தம்பி, இண்டைக்குப் புத்தகத்தைத் தொடக் கூடாது. உமக்குத் தெரியாதோ?" என்றீர்கள்.

நீட்டிய கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சாமி புக்கு லா, நாம போவோம்" என்று முனகியவர், சிப்பாயிடம் ஏதோ சொல்லி அழைத்துப் போய்விட்டார். அவர்கள் படி இறங்கியதும் உங்களைக் கேட்டேன்.

"பயமா இல்லையா ஐயா?"

"பயம்தான். ஆனால் நீர் பாஸ் பண்ணினது உண்மையெல்லோ? அரசாங்கம் மாறினால் அது பொய்யாகிப் போகுமோ?"

வெள்ளைக்காரர் திரும்பி வந்ததும் புது விதி போட்டார்கள். சான்று இல்லாதவர்கள் முதலாம் ஆண்டிலிருந்து படிக்க வேண்டுமாம். என் அப்பா, "மறுபடி மொதல்லேருந்தா? போதும்மா, கல்யாணத்த பாப்போம்" என்று மாப்பிள்ளை தேடவே தொடங்கிவிட்டார். அந்த வாரம்தான் பதிவேட்டைச் சுமந்துகொண்டு நீங்கள் அலுவலகத்துக்கு வந்தீர்கள். கூடவே ஒரு கடிதம்: அரசாங்கப் பதிவேட்டை அனுமதியின்றி மூன்றரை ஆண்டு வீட்டில் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்டு! அதைப் படித்த அதிகாரி சிரித்தார். நான் அழுதேன். நான்காம் ஆண்டில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள்.

பிற்காலத்தில் கல்லூரிக் குழுவில் நானும் உட்கார்ந்தேன். ஆட்சி மாறிப் புதுச் சட்டம் வரும்போதெல்லாம், "ஏற்கெனவே படித்தவர்களை என்ன செய்யப் போகிறோம்?" என்றுதான் முதலில் கேட்பேன். சிலருக்கு எரிச்சல்தான். கேட்காமல் விட்டதில்லை.

இன்று பூசையில் என் பட்டச் சான்றிதழையும் வைத்தேன். அதன் மூலையில் ஒரு சந்தனப் பொட்டு. மைத் துளிக்கே திருப்பி அனுப்பியவர் நீங்கள். இதை மட்டும் வாங்கிக்கொள்வீர்கள், ஐயா.