நாக்பூர்–மதுரை: இரண்டு மணி நேரம் என்ற வரி

அனுப்புநர்:
கா. பாதுஷா,
லாரி பார்சல் அலுவலக புக்கிங் எழுத்தர் (ஓய்வு),
ஹக்கீம் சந்து, தெற்குவாசல், மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மதுரை மாவட்டம்.

பொருள்: ‘வான்தடம்’ என்னும் டிக்கெட் நிறுவனம் இணையப் பக்கத்தில் நாக்பூர்–மதுரை பயண நேரத்தைத் தவறாகக் காட்டுவது – திருத்த உத்தரவிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி அமீருன்னிசா 24.06.2025 காலை ஆறு மணிக்கு மாரடைப்பால் மௌத்தானார். எங்கள் ஒரே மகன் ஷாகிருக்கு நாக்பூரில் வேலை. பத்தரை மணி விமானத்தில் இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினான்.

2. அடக்க நேரத்தை ஜமாஅத் செயலாளர் மன்சூர் கேட்டார். மேற்படி நிறுவனத்தின் பக்கத்தைக் கைபேசியில் பார்த்தேன். இரு விமான நிலையங்களுக்கும் இடையே 1,260 கிலோமீட்டர், பயண நேரம் 2 மணி என்றிருந்தது. நான் முப்பத்தொரு வருடம் லாரி அட்டவணை எழுதியவன். எங்கள் அட்டவணையில் பயண நேரம் என்றால் சரக்கு ஏற்றும் இடத்திலிருந்து இறக்கும் இடம் வரை; டோல்கேட், டீக்கடை, பஞ்சர் எல்லாம் அதற்குள் அடக்கம். அந்தப் புத்தியோடுதான் படித்தேன். “எதுக்கும் ஃப்ரீசர் பெட்டி சொல்லிருவமாண்ணே, அடக்கத்த நாளைக்குக் காலைல வச்சுக்குவோம்” என்றார் மன்சூர். வேண்டாம், மதியத்துக்குள் வந்துவிடுவான் என்று சொல்லி, மாலை அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என நானே முடிவு செய்தேன்.

3. அன்று நேரடி விமானமே இல்லை. அந்தப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மகன் ஹைதராபாத்தில் இறங்கி, அடுத்த விமானத்துக்காகக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் காத்துக் கிடந்தான்.

4. என் தவறையும் மறைக்கவில்லை. மதிய லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குள் போகும்போது கைபேசியைச் சைலண்டில் போட்டேன். வீட்டுக்கு வந்து சட்டை மாற்றியபோது அது ஆணியில் தொங்கிய பழைய சட்டைப் பையிலேயே இருந்துவிட்டது. நாலரைக்கு மேல் மன்சூர் தன் கைபேசியில் ஷாகிரைக் கூப்பிட்டார். பிஸி என்று வந்தது. அப்படியானால் இறங்கிவிட்டான், டாக்ஸி பேசிக்கொண்டிருக்கிறான், நேரே கபர்ஸ்தானுக்கு வந்துவிடுவான் என்று சொல்லி ஜனாஸாவை எடுக்கச் சொன்னேன். அவன் அப்போது என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தான் ஐயா.

5. அவன் வந்து சேர்ந்தபோது இரவு ஏழே முக்கால். கபரில் ஊற்றிய தண்ணீர் இன்னும் காயவில்லை. பெற்ற தாயின் முகத்தை அவன் பார்க்கவில்லை. அன்று முதல் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், பேசுவதில்லை.

6. நிறுவனத்துக்கு எழுதினேன். விமானம் பறக்கும் நேரம் அதுதான், பிழை ஏதுமில்லை என்று பதில் வந்தது. எந்த விமானம் என்று கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

நான் நஷ்டஈடு கேட்கவில்லை. அந்த இடத்தில் ‘பயண நேரம்’ என்பதை அடித்துவிட்டு, ‘நேரடி விமானம் இல்லை’ என்று எழுத உத்தரவிட வேண்டுகிறேன். திருத்திய பக்கத்தின் நகல் ஒன்றை எனக்கும் தரச் சொல்லுங்கள். மகன் முன்னால் வைப்பேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை.

இடம்: மதுரை
நாள்: 14.07.2025

தங்கள் உண்மையுள்ள,
கா. பாதுஷா

இணைப்பு:
1. மேற்படி இணையப் பக்கத்தின் அச்சு நகல்.
2. மகனின் விமானச் சீட்டுகள் இரண்டு.
3. என் கைபேசியில் நான் எடுக்காத பதினொரு அழைப்புகளின் படம். கடைசி அழைப்பு மாலை 4.38. அடக்கம் 5.30.