சம்பந்தி அனுப்பிய வம்சப் படம்

கிரவீன், சிட்னி
15.8.1976

அன்புள்ள மகள் கிரிஜாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, உனக்கும் அங்கே அப்படியே இருக்கவேண்டும் என்றுதான் காலையில் விளக்கேற்றும்போது நினைப்பேன். இருமல் விட்டதா என்று நீ எழுதவில்லை.

அப்பா உன் கலியாணத்துக்கு வருவாரா என்று மூன்று கடிதங்களில் கேட்டுவிட்டாய். நான் ஒவ்வொரு முறையும் குளிரைப் பற்றியும் கறிவேப்பிலைக் கன்றைப் பற்றியும் எழுதி நழுவினேன். இன்று நேராக எழுதுகிறேன், படிக்க இனிமையாக இராது. உன் கொலினின் தகப்பனார் அங்கிருந்து அனுப்பிய வம்சப் படம் போன மாதம் வந்து சேர்ந்தது. சுவருக்கு ஒட்டும் காகிதச் சுருளின் பின்புறத்தில் நாலு நிற மையால் கீறியிருந்தார், ஒவ்வொரு பெயருக்கும் கீழே பிறந்த ஆண்டு, லீட்ஸில் இருந்த தெரு, செய்த தொழில். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர், நாலு வருடமாகச் சனிக்கிழமைகளில் நூலகத்திலும் தேவாலயங்களிலும் பதிவேடுகளைப் புரட்டித் தேடினாராம். சம்பந்தியாகப் போகிறவர்களுக்குத் தன் ஆட்களை அறிமுகப்படுத்துவதாகவும், எங்களுடைய விபரத்தையும் அனுப்பினால் பக்கத்தில் கீறிச் சேர்ப்பதாகவும் எழுதியிருந்தார். இவ்வளவு நல்ல மனதோடு வந்ததை நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல எனக்குக் கூசுகிறது.

அப்பா விக்னராஜா பெரியப்பாவையும் பெரியம்மாவையும் வரச்சொல்லிச் சுருளை மேசையில் விரித்தார். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பெயர் ஒன்றையும் படிக்காமல் தொழில்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டு போனார். கொலினின் பாட்டனார் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்தவர், அவருடைய தகப்பனும் அங்கேதான். அதற்கும் மேலே ஒருவர் மலம் அள்ளும் வண்டி ஓட்டியிருக்கிறார். பெரியப்பா எங்கள் ஊர்ச் சாதியொன்றின் பெயரைச் சொல்லி, வெள்ளைக்காரருக்குள்ளையும் தேடித் தேடி அதையோ பிடிச்சிருக்கிறாள் உன்ரை மகள் என்று அப்பாவைக் கேட்டார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். பெரியம்மா, பறவாயில்லை, கலியாணத்துக்கு வாற எல்லாருக்கும் காலுக்கு ஒவ்வொரு சோடி தோல் சப்பாத்து கிடைக்கும் என்று பகிடி விட்டா. எல்லோரும் சிரித்தார்கள், அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, ஆனால் சுருளை முதலில் பிரித்தபோது என் கண்ணும் தொழிலைத்தான் தேடியது. பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்துவிட்டு, சாதியைப் பற்றி உனக்கு அத்தனை புத்தி சொன்னவள் நான்.

ஊரில் நாலு பேர் கேட்பார்கள், அவர்களுக்கு அனுப்ப மரியாதையான பிரதி ஒன்று வேண்டும், அது சரிவந்தால்தான் கலியாணத்துக்கு வருவேன் என்றார் அப்பா. பாடசாலை அலுவலகத்தில் தட்டெழுத்து அடிப்பவள் நான், ஆகவே அந்த வேலை என்னிடம் வந்தது. நீ அப்பாவோடு கலியாணப் பதிவுக்குப் போகவேண்டும் என்ற ஆசையில் நானும் இருந்து அடித்தேன். தோல் பதனிட்டவர்கள் தோல் வர்த்தகர்கள் ஆனார்கள், வண்டிக்காரர் நகரசபை உத்தியோகத்தர் ஆனார். அப்பா பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு சொல்லச் சொல்ல இரண்டு தாள் முடிந்தது. பிறகு படத்தில் ஆன் என்றொரு பெண் வந்தாள். ஒன்பது வயதில் கம்பளி ஆலைக்குக் கந்தல் பிரிக்கப் போனவள், ஆறு பிள்ளைகள் பெற்று முப்பத்தொரு வயதில் இறந்தவள் என்று பெயருக்குப் பக்கத்தில் குறித்திருந்தது. இவளை என்னவாக்குவது என்று கேட்டேன். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, பொம்பிளையளை விட்டுவிடு, அவையை ஆர் கேக்கப்போகினம் என்றார். தாளை உருவிக் கிழித்தேன், முடிந்த இரண்டையும் கிழித்தேன். ஆறு நாள் அவர் என்னோடு கதைக்கவில்லை. எங்கள் பக்கத்துக்குப் பெரியப்பா எழுதித் தந்ததைப் பார்த்தால் உனக்கும் குமட்டும். மலாயாவில் ரயில் விளக்குகளுக்கு எண்ணெய் விட்ட உன் பூட்டனார் அதில் ஸ்டேஷன் மாஸ்டர். பூட்டனாரின் மனைவிக்கு என்ன பெயர் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

இனி எழுதுவது உனக்குத் தெரியாதது. அப்பா இங்கே அரசாங்க அலுவலகத்தில் பொறியியலாளர் என்று உனக்கு எழுதி வந்தோம். கொழும்பில் படித்த படிப்பை இங்கே ஏற்கவில்லை. இரண்டு வருடமாக அவர் கோதுமை மாவில் பாண் சுடும் ஒரு தொழிற்சாலையில் அடுப்பிலிருந்து சூட்டுத் தட்டுகளை இறக்கி அடுக்குகிறார். பெரியப்பாவுக்கும் இது தெரியாது. விடிய நாலரைக்கு எழும்பிப் போகிறார், முன்கை இரண்டிலும் சூட்டுக் காயம். அந்தக் கையைப் பார்த்து நான் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை, மருந்து பூசிவிட்டிருக்கிறேன். அதே கையால் இன்னொருவரின் பாட்டனாரைத் திருத்த வந்தாரே, அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அவர் பயப்படுவது தோல் பதனிட்டவர்களுக்கு என்று நான் நம்பவில்லை. சம்பந்தியார் கைகொடுத்துவிட்டு நீங்கள் என்ன வேலை என்று கேட்டால் என்ன சொல்வது என்பதற்குத்தான். உனக்கு அந்தப் பொய்யை எழுதியது என் கைதான், அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

அப்பா வரமாட்டார். நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார். நான் வருகிறேன். ஒக்டோபர் இரண்டாம் திகதி அங்கே இறங்குவேன், கூறைச் சேலையும் தாலிக்கொடியும் என் கையோடு வரும். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது, ஆனால் நான் சொன்னதை வைத்துச் சண்டை பிடிக்காதே. கொலினின் தகப்பனாருக்கு எங்கள் விபரத்தை நானே எழுதி இன்று தபாலில் சேர்க்கிறேன், தெரியாத பெயர்களுக்குத் தெரியாது என்றே எழுதியிருக்கிறேன்.

நீயும் கொலினும் ஒருவருக்கொருவர் ஒன்றையும் மறைக்கத் தேவையில்லாமல் நெடுங்காலம் வாழவேண்டும், அதுவே என் ஆசீர்வாதம். ஒன்றை மறந்துவிடாதே. அங்கே கலியாணப் பதிவில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் தொழிலையும் எழுதுவார்களாம், தன் ஆட்களில் பாதிப்பேரை அந்த ஏடுகளில்தான் கண்டுபிடித்ததாகச் சம்பந்தியார் சொல்கிறார். தாய்க்கு அதில் இடமே இல்லையாம், அங்கேயும் அப்படித்தான். உன்னிடம் கேட்கும்போது பாண் தொழிற்சாலைத் தொழிலாளி என்று சொல். நூறு வருடம் கழித்து யாராவது தேடினால் உன் அப்பா அகப்படவேண்டும்.

அன்புடன்,
அம்மா