உன் படையலில் வைத்த மொச்சை

என் செல்ல ஜெயா அக்காவுக்கு,

வீட்டில் எல்லாரும் இருக்கிறோம். நன்றாக இருக்கிறோமா என்று கேட்காதே. நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், போட்டதைச் சாப்பிடுகிறேன். துறைமுகத்தில் இறால் ஏற்றிய குளிர் கன்டெய்னர்களின் பிளக்கைச் சரிபார்க்கிற அதே வேலைதான். 'இறாலுக்குக் காவல்காரன்' என்று உன்னைப்போல் கிண்டல் பண்ணத்தான் ஆள் இல்லை. திருவொற்றியூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நிற்கும்போது, நீ செத்துப்போய்விட்டாய் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் ஆவதில்லை. அழுகையும் வரவில்லை.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் அக்கா. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

போன மழையில் உன் ஆபீஸ் விதைக் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து, ஜெனரேட்டர் மூழ்கி, குளிரறை நின்றுபோனதே. பூசணம் பிடித்த பொட்டலங்களை அள்ளிக் கொட்டிவிட்டு வந்து, சோறு வேண்டாமென்று படுத்துவிட்டாய். மறுநாள்தான் கொஞ்சம் முகம் தெளிந்தது. தாமோதரன் அண்ணன் கொடுத்த உப்புநில மொச்சையில் மட்டும் ஒரு பங்கு நம் வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறது என்றாய். வடக்கே பனிமலையில் இருக்கிற பெரிய விதைக் கிடங்குக்கு அதில் பாதியை அனுப்பிவிட வேண்டும் என்றாய். அதற்குள் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதானே ஆஸ்பத்திரிக்குப் போனாய்?

உன் கருமாதிக்குக் காசிமேட்டுச் சின்னம்மாதான் வந்து சமையலைப் பார்த்தாள். படையலில் உனக்குப் பிடித்ததை வைக்க வேண்டும். நெத்திலிக் கருவாடு போட்ட மொச்சைக் குழம்பென்றால் உனக்கு உயிர். கருவாட்டை அவளே கொண்டுவந்தாள். மொச்சை ஃப்ரிட்ஜில் கண்ணாடி ஜாடியில் இருந்தது. மூடி மேல் நீ ஏதோ எண் மட்டும்தான் எழுதியிருந்தாய். ஒரு கொட்டை விடாமல் ஊறப்போட்டுவிட்டாள். நீ சொன்ன விதை அதுதான் என்று எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை. காக்கைக்கு வைத்தோம், உனக்குப் படைத்தோம், பிறகு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போன வாரம் தாமோதரன் அண்ணன் வந்தார். எண்ணூர்க் கழிமுகத்துக்குப் பின்னாலிருக்கும் அவர் நிலத்தில் உப்பு ஏறி, அந்த மொச்சையைத் தவிர எதுவும் வருவதில்லையாம். அவர் வீட்டில் வைத்திருந்த விதையும் வெள்ளத்தோடு போய்விட்டதாம். ஆடியில் விதைக்க வேண்டும், உன்னிடம் பத்திரமாக இருக்கும் என்று நம்பி வந்திருந்தார். நீ போனதே அவருக்குத் தெரியாது. மாலை போட்ட உன் படத்தைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

விதையைப் படையலுக்குச் சமைத்துவிட்டோம் என்று நான்தான் சொன்னேன். கருமாதிக்கு வந்ததிலிருந்து நம் வீட்டிலேயே இருக்கிற சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, நான் இன்னா காரியம் பண்ணிட்டேன்! பொண்ணு ஆசையா வாங்கி வெச்சிக்கீதுன்னு நெனச்சி, அழுதுகினே ஊறப்போட்டேனே!"

"வுடும்மா. அதுக்குப் புடிக்கும்னுதானே ஆக்குன" என்றார் அவர். அப்புறம் என் பக்கம் திரும்பினார். "நீயும் சாப்ட்டியா தம்பி?"

"சாப்ட்டேண்ணா."

"எப்டி இருந்துச்சி? மொதல்ல லேசா கசக்கும். அப்பால தித்திக்கும். தெரிஞ்சுதா?"

எனக்குத் தெரியவில்லை அக்கா. அன்றைக்கு என் இலையில் மண்ணை வைத்திருந்தாலும் தின்றிருப்பேன். அதுதான் கடைசி மொச்சையாகக்கூட இருக்கலாம். அதை ருசி தெரியாமல் விழுங்கியிருக்கிறேன். "தெரியலண்ணா" என்றேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தோளில் கைவைத்துவிட்டு, சின்னம்மாவிடம் டீ கேட்டார்.

படைத்தது உனக்குத்தானே. உனக்காவது தித்தித்ததா?

அவருடைய அக்காவைப் பழவேற்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்தபோது, அந்த விதையும் கொஞ்சம் கூடப் போனதாம். இன்னும் அங்கே போடுகிறார்களா என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அவரோடு நானும் போகிறேன். கிடைத்தால் ஒரு பங்கு உன் பனிமலைக்கு, ஒரு பங்கு அவர் நிலத்துக்கு. மிச்சம் நம் ஃப்ரிட்ஜுக்கு. 'விதை, சமைக்காதே' என்று ஜாடியில் கொட்டை எழுத்தில் நானே எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு மொச்சையை மட்டும் வேகவைத்து வாயில் போடுவேன். கசப்போ தித்திப்போ, ஏதாவது ஒன்று தெரிகிறவரை மென்றுகொண்டே இருப்பேன் அக்கா.

உன் கூடப்பிறந்த ஒரே தம்பி,
முரளி