பொம்மை ரயிலுக்கு ஒரு முன்சக்கரம்

ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

மாரியாயிக்கு ஒன்பது நாளாகக் குளிர்காய்ச்சல். ஜப்பான்காரன் வந்த பிறகு கொய்னா மாத்திரை கண்ணிலேயே படுவதில்லை. சுங்கைப் பட்டாணி டவுனில் சீனக் கடை முதலாளி தவுக்கேயிடம் இருக்கிறது. ஓடிப்போன தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பங்களாவில் விட்டுப்போன பொம்மை ரயில் எங்கள் வீட்டில் இருப்பது அவருக்குத் தெரியும். அது ஓடினால் மாத்திரை தருவதாகச் சொன்னார், ரயில் தன் மகளுக்காம்.

எஞ்சினில் ஒரு முன்சக்கரம் இல்லை. குருண் டவுன் கடிகாரக் கடையில் கேட்டேன், இல்லை. சைக்கிள் கடைக்காரர் தன் மாடு கன்று போட்ட கதையைத்தான் கொடுத்தார், நல்ல கதைதான். கடைசியில் என் சட்டைப் பித்தானைப் பொருத்தினேன். வழுக்கியது. ரப்பர் பாலைப் பூசிக் காயவைத்தேன். தண்டவாளத்தில் அட்டைபோல ஒட்டிக்கொண்டது.

போர்வைக்குள்ளிருந்து மாரியாயி சிரித்தாள். "ஏங்க, பத்து வருஷமா புகைக்கூடத்துல வேலை செய்யிற ஆளு, பச்சைப்பாலை அப்பிட்டு ஓட்டுறீங்களே! புகை போட வேணாமா?"

வெட்கமாகப் போயிற்று. பித்தானைக் கம்பியில் கோத்து புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளோடு இரண்டு நாள் புகையில் தொங்கவிட்டேன்.

இன்று தவுக்கேயின் மேசையில் எஞ்சின் மூன்று சுற்று ஓடியது. "போலே லா, தம்பி!", பரவாயில்லையே என்று மலாயில் சொல்லிக் கைதட்டி நாலு நாளைக்கு மாத்திரை கொடுத்தார். அவர் மகள்தான் பெட்டிகள் எங்கே என்று கேட்டாள். பின்னால் வந்துகொண்டிருக்கின்றன என்றேன்.

பெட்டிகள் இரண்டும் எங்கள் கட்டிலுக்கடியில் இருக்கின்றன. காய்ச்சல் நாலு நாளில் விடாவிட்டால் அடுத்த மாத்திரைக்கு அவை... இப்போது மாரியாயிக்கு நன்றாக வேர்த்திருக்கிறது. துடைத்துவிட்டுப் படுக்க வேண்டும்.